தேர்தல் மன்னன் பத்மராஜனும் டெபாசிட் இழப்பவரின் உரிமையும்

2024 மார்ச் 28, வாசகர் ஒருவரின் கேள்வி

'தேர்தல் மன்னன்' என்று அழைக்கப்படும் மேட்டூர் பத்மராஜன் இந்த முறை தருமபுரியில் வேட்பு மனு தாக்கல் செய்திருக்கிறார். 238 முறை தோற்றவர் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. தோற்பது உறுதி என்று தெரிந்தே நிற்பவர்களால் தேர்தல் ஒரு வேடிக்கையாகிவிடுகிறது. டெபாசிட்டை ஐந்து லட்சமாக உயர்த்தினால் இத்தகையவர்கள் தாமாகவே ஒதுங்கிவிட மாட்டார்களா?

2024 மார்ச் 29

ஒதுங்கிவிடுவார்கள். அவர்களோடு சேர்ந்து, ஐந்து லட்சம் ரூபாயை மொத்தமாகக் கண்ணால் கண்டிராத கோடிக்கணக்கான மக்களும் ஒதுக்கப்படுவார்கள். அதனால்தான் இந்த யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

பத்மராஜன் டயர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். ஹோமியோபதி மருத்துவமும் பார்ப்பவர். 1988இல் மேட்டூரில் மனு தாக்கல் செய்யத் தொடங்கினார். சாமானியனும் தேர்தலில் நிற்க முடியும் என்று காட்டவே வந்ததாக அன்று முதல் இன்று வரை ஒரே காரணத்தைத்தான் சொல்லி வருகிறார். வாஜ்பாய், நரசிம்ம ராவ், மன்மோகன் சிங், மோடி, ராகுல் காந்தி என்று பெரிய தலைவர்கள் போட்டியிட்ட தேர்தல்களில் எல்லாம் மனு தாக்கல் செய்தார். இந்தியாவின் மிகத் தோல்வியுற்ற வேட்பாளர் என்று லிம்கா சாதனைப் புத்தகம் அவரைப் பதிவு செய்தது. செய்தியாளர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 35 ஆண்டுகளாக ஒருவர் தம் சொந்தப் பணத்தைச் செலவழித்து, சட்டம் எல்லாருக்கும் திறந்து வைத்திருப்பதாகச் சொல்லும் ஒரு கதவு உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அந்த வேலையை வேறு யாரும் செய்யவில்லை.

2024 மார்ச் 29, இரவு

டெபாசிட் விதியைச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால்தான் தொகை திரும்பக் கிடைக்கும். இப்போது மக்களவைக்கு 25,000 ரூபாய், சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. தேர்தல் முடிந்ததும் பறிபோன டெபாசிட் தொகை அரசுக்குச் சேர்கிறது. பத்மராஜனால் அரசுக்குப் பண நட்டம் என்று எழுதியவர் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

2024 மார்ச் 31

வருவாய்த் துறையில் இருந்தபோது, தேர்தல் நடத்தும் அலுவலரின் அறையில் மனுக்களைச் சரிபார்க்கும் பணி எனக்குச் சில தேர்தல்களில் அமைந்தது. சுயேச்சையாக நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அங்கேதான் கண்டேன். காலை 11 மணிக்குத் தொடங்கி மாலை 3 மணிக்கு மனு வாங்குவது முடிந்துவிடும். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொருவருடைய பாகம் எண்ணும் வரிசை எண்ணும் வாக்காளர் பட்டியலோடு பொருந்த வேண்டும். வேட்பாளர் வேறு தொகுதியின் வாக்காளராக இருந்தால், தம் பெயர் இடம்பெற்ற பட்டியல் பகுதியின் சான்றிட்ட நகலையும் இணைக்க வேண்டும். இவை தவிர, நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் ஒன்று உண்டு. அதில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, பொருந்தாத இடங்களில் 'இல்லை' என்று எழுதியே ஆக வேண்டும்.

கட்சிக்காரர்களுக்கு இதையெல்லாம் வழக்கறிஞர் அணி பார்த்துக்கொள்ளும். தனியாக வரும் மனிதர் நடைவழியின் பெஞ்சில் அமர்ந்து, தொடையின் மேல் பட்டியலை விரித்து, விரலை வரிசை எண்களின் மேல் நகர்த்தி நகர்த்திச் சரிபார்ப்பார். ஒரு பெரியவர் மூன்று மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது உள்ளே வந்தார். பத்துப் பெயர்களில் ஒருவர் பக்கத்துத் தொகுதியின் வாக்காளர் என்று தெரிந்தது. மாற்றுக் கையெழுத்து வாங்கி வர நேரமில்லை. "ஒன்பது பேர் இருக்கிறார்களே, அய்யா?" என்று கேட்டார். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது. அவர் கோபப்படவில்லை, அடுத்த தேர்தல் எப்போது வரும் என்று மட்டும் விசாரித்துவிட்டுச் சென்றார்.

இந்த விதி பெயர் பெற்றவர்களையும் விடுவதில்லை. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானதை நினைத்துப் பாருங்கள். முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்தல்ல என்று கூறிவிட்டார்கள், அத்தோடு முடிந்தது. தமிழகம் முழுவதும் அறிந்த ஒரு முகத்துக்குச் சென்னையிலேயே பத்துப் பேர் நிலைத்து நிற்கவில்லை. மேட்டூர்க்காரர் ஒருவர் மோடி நின்ற வதோதராவிலும் ராகுல் காந்தி நின்ற வயநாட்டிலும் போய் முன்பின் அறியாதவர்களிடம் பேசி, அவர்களுடைய பாகம் எண்ணைக் கேட்டுக் கையெழுத்து வாங்கி, உரிய நேரத்துக்குள் மனுவைக் கொடுத்திருக்கிறார் என்றால் அதற்கு எத்தனை உழைப்பு வேண்டும்!

2024 ஏப்ரல் 2

238 தேர்தல்களிலும் அவர் உண்மையிலேயே களத்தில் நின்றாரா என்று ஒருவர் சரியான ஐயத்தை எழுப்பியிருக்கிறார். அந்தக் கணக்கில் தள்ளுபடியான மனுக்களும் அடங்கும். குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு அவர் கொடுக்கும் மனுக்கள் அப்படிப்பட்டவை. 1997க்குப் பிறகு அந்தத் தேர்தலில் நிற்க நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களில் 50 பேர் முன்மொழிய வேண்டும், வேறு 50 பேர் வழிமொழிய வேண்டும்; டெபாசிட் 15,000 ரூபாய். கட்சியில்லாத ஒருவருக்கு இது கிட்டாத கனி. பரிசீலனையிலேயே மனு விழுந்துவிடும். அப்படி விழுந்தால் டெபாசிட் திரும்பி வந்துவிடும். ஆகவே மனு தாக்கல் செய்ததையும், வாக்குச்சீட்டிலோ இயந்திரத்திலோ பெயர் இடம்பெற்றதையும் தனித்தனியே எண்ண வேண்டும் என்பதே என் கருத்து. இரண்டையும் ஒன்றாகக் கூட்டுவது சாதனைப் புத்தகத்துக்குப் பொருந்தலாம். அவருடைய உண்மையான உழைப்பை அது மறைத்துவிடுகிறது.

குடியரசுத் தலைவர் தேர்தலும் ஒரு காலத்தில் எல்லாருக்கும் திறந்திருந்தது. சௌத்ரி ஹரி ராம் என்பவர் 1952 முதல் 1969 வரை நடந்த ஐந்து தேர்தல்களிலும் வேட்பாளராக இருந்தார். 1952இல் ராஜேந்திர பிரசாத்தை எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். 1967இல் 17 பேர் நின்றார்கள். அவர்களில் ஒன்பது பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. 1974இல் சட்டத்தைத் திருத்தி, பத்துப் பேர் முன்மொழியவும் பத்துப் பேர் வழிமொழியவும் வேண்டும் என்று ஆக்கினார்கள். அதற்குப் பிறகும் பரேலியைச் சேர்ந்த துணி வியாபாரி காகா ஜோகிந்தர் சிங் தம் முயற்சியை விடவில்லை. 'தர்த்தீபகட்' என்ற பட்டப்பெயரோடு முந்நூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களைக் கண்டவர் என்று அறியப்பட்ட அவர், 1992இல் சங்கர் தயாள் சர்மா வென்ற தேர்தலில் வேட்பாளராக நின்று 1,135 வாக்கு மதிப்பைப் பெற்றார். அடுத்த திருத்தத்தில் பத்து ஐம்பதாயிற்று. மேலே ஏற ஏற வாசல் குறுகிக்கொண்டே போயிருக்கிறது.

2024 ஏப்ரல் 3

ஆந்திரத்து நந்தியாலில் பத்மராஜனுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டவருக்கு: 1991இல் நரசிம்ம ராவ் பிரதமரான பிறகு மக்களவைக்குள் வருவதற்காக நின்ற இடைத்தேர்தல் அது. அங்கே மனு தாக்கல் செய்யச் சென்றபோது தாம் கடத்தப்பட்டதாகப் பத்மராஜன் பேட்டிகளில் கூறியிருக்கிறார். பிரதமரை எதிர்த்து ஒரு சாமானியர் நிற்பதை வேடிக்கை என்று பலரும் எழுதும்போது, எதிரில் இருந்தவர்கள் எல்லாரும் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

2024 ஏப்ரல் 7

டெபாசிட் உயர்வின் வரலாற்றைப் பார்க்காமல் இந்த விவாதத்தை நடத்த முடியாது. 1996 வரை மக்களவைக்கு 500 ரூபாய், சட்டமன்றத்துக்கு 250 ரூபாய் என்பதே பொதுப் பிரிவினருக்கான டெபாசிட். அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் மொத்தம் 13,952 வேட்பாளர்கள் நின்றார்கள். நல்கொண்டாவில் 480 பேர், பெல்காமில் 456 பேர். நம் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர். அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். தங்கள் கோரிக்கைகளை அரசு கேட்கவில்லை என்பதைக் காட்ட அவர்கள் தேர்ந்தெடுத்த வழி அது. வாக்குச்சீட்டைப் புத்தகம்போல் அச்சிட வேண்டியிருந்தது. தேர்தலையே தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. இறுதியில் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார்.

அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. டெபாசிட் 10,000 ரூபாயாகவும் 5,000 ரூபாயாகவும் உயர்ந்தது. சுயேச்சைகளுக்குப் பத்து முன்மொழிவோர் விதி வந்தது. ஒருவர் ஒரே பொதுத்தேர்தலில் இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்றும் ஆயிற்று. 1998 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர் எண்ணிக்கை 4,750 ஆகக் குறைந்தது. திருத்தம் வேலை செய்தது என்று சொல்வோர் இந்த எண்ணைத்தான் காட்டுவார்கள். வேலை செய்தது உண்மைதான். ஆனால் எந்தப் பகுதி வேலை செய்தது? பணமா, பத்துக் கையெழுத்தா, இரண்டு தொகுதி வரம்பா? மூன்றையும் ஒரே நாளில் கொண்டு வந்ததால் பிரித்துச் சொல்ல முடியாது. நான் மேசையில் இருந்து பார்த்த வரையில், ஆளைத் திருப்பி அனுப்பியதில் கையெழுத்துக்கே பெரும் பங்கு.

பணம் மட்டும் உறுதியானவர்களைத் தடுக்காது என்பதற்குத் தெலங்கானாவின் நிஜாமாபாத் சான்று. 2010இல் டெபாசிட் 25,000 ஆன பிறகு, 2019இல் அந்தத் தொகுதியில் 185 பேர் நின்றார்கள். அவர்களில் 170க்கும் மேற்பட்டோர் மஞ்சளுக்கும் சிவப்புச் சோளத்துக்கும் நல்ல விலை கேட்ட விவசாயிகள். ஒரு பெட்டியில் 16 பொத்தான்கள் வீதம் பன்னிரண்டு வாக்குப்பதிவுப் பெட்டிகளை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. மஞ்சள் வாரியம் கேட்டுக்கொண்டிருந்த அவர்களுக்கு, அந்தத் தொகுதி உறுப்பினர் கவிதா தோற்றபோது எல்லாக் கட்சிகளும் செவிசாய்க்கத் தொடங்கின. 2023 அக்டோபரில் ஒன்றிய அரசு தேசிய மஞ்சள் வாரியத்தை அறிவித்தது. டெபாசிட் இழந்தவர்கள் எதையும் சாதிக்கவில்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

2024 ஏப்ரல் 8

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு எதிர்த்தரப்பின் ஒரு வலுவான காரணத்தையும் இங்கே வைப்பது முறை என்று தோன்றியது. முன்பு, வாக்குப்பதிவுக்கு முன் வேட்பாளர் எவர் இறந்தாலும், அவர் சுயேச்சையாக இருந்தாலும், அந்தத் தொகுதியின் தேர்தலே ரத்தாகும். நூற்றுக்கணக்கானோர் நிற்கும் இடத்தில் இது பெரிய ஆபத்து. ஒரு தேர்தலை நிறுத்த நினைக்கும் கொடியவனுக்குப் பாதுகாப்பில்லாத சுயேச்சையின் உயிர் ஒரு கருவியாகிவிடும். பின்னர் வந்த சட்டத் திருத்தம் இதை மாற்றி, அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்தால் மட்டும் வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்படும் என்று ஆக்கியது. அந்த மாற்றத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அது சுயேச்சைகளையும் காப்பாற்றியது.

2024 ஏப்ரல் 14

தேர்தலை உண்மையில் கெடுக்கும் சுயேச்சைகள் வேறு வகையினர். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெயர் ஒற்றுமைக்காக நிறுத்தப்படுபவர்களைச் சொல்கிறேன். 2014இல் சத்தீஸ்கரின் மகாசமுந்த் தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளர் சந்துலால் சாகுவின் பெயரை ஒத்த பெயருடையோர் ஒரு கூட்டமாகவே களத்தில் இருந்தார்கள். அவர் அஜித் ஜோகியை வென்றது வெறும் 1,217 வாக்குகளில். இந்த முறை இராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நிற்க, அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட வேறு பலரும் நிற்கிறார்கள். வாக்காளரைக் குழப்புவதைத் தவிர இதில் வேறு நோக்கம் இருக்க முடியாது.

இன்னொரு வகையினர், பெரிய வேட்பாளர் ஒருவருக்காகக் கூடுதல் முகவர்களையும் வாகன அனுமதியையும் பெற்றுத் தருவதற்கென்றே நிற்பவர்கள். வாக்கு எண்ணும் கூடத்தில் சுயேச்சையின் முகவர் என்ற அட்டையை அணிந்தவர், ஒரு கட்சியின் வட்டச் செயலாளருக்குச் சுற்றுவாரியாகக் கணக்கு எழுதிக் கொடுப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இத்தகையவர்களுக்கு டெபாசிட் ஐந்து லட்சம் என்றாலும் கவலையில்லை, கட்டுபவர் வேறொருவர். ஐந்து லட்சம் தடுக்கப்போவது பத்மராஜனைத்தான். அவர் யாருடைய கைப்பாவையும் அல்லர், யாருடைய வாக்கையும் திருடவில்லை, தமக்கு வாக்களிக்க வேண்டாம் என்றுகூடக் கேட்டுக்கொண்டவர்.

2024 ஏப்ரல் 21

வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. தேர்தலில் நிற்பது அடிப்படை உரிமைதானே என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அதைத் தீர்மானித்த வழக்கே பழைய சேலம் மாவட்டத்தில் பிறந்தது என்பது பலருக்கும் தெரியாது. முதல் பொதுத்தேர்தலில் நாமக்கல் தொகுதியில் என்.பி. பொன்னுசாமி என்பவரின் மனு தள்ளுபடியானது. அவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். வாக்களிப்பதும் வேட்பாளராக நிற்பதும் சட்டம் வழங்கிய உரிமைகள், அந்தச் சட்டம் விதிக்கும் வரம்புகளுக்கு உட்பட்டவை, தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றம் குறுக்கிட முடியாது என்று 1952இல் தீர்ப்பு வந்தது. இன்றும் தேர்தல் வழக்குகளில் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். நாமக்கல்லில் ஒருவர் கதவு அடைபட்டதை எதிர்த்து வழக்காடினார். அதே மாவட்டத்து மேட்டூரில் இன்னொருவர் கதவு அடைபடுமா என்று ஆயுள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சட்டம் கொடுத்ததைச் சட்டம் எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதால்தான் எனக்கு அச்சம். 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் சுயேச்சைகள் போட்டியிடுவதையே தடை செய்யலாம் என்று பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. சட்டமானால், ஏதேனும் ஒரு கட்சித் தலைவரின் கையெழுத்தில்லாமல் இந்தக் குடியரசில் எவரும் மக்கள் முன் நிற்க முடியாது.

2024 ஜூன் 6

முடிவுகள் வந்துவிட்டன. நாடு முழுவதும் 8,360 பேர் நின்றதில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெபாசிட் இழந்தார்கள். தருமபுரியில் தி.மு.க.வின் ஆ. மணி வென்றார், சௌமியா அன்புமணி இரண்டாம் இடம். டெபாசிட் இழப்பது ஒரு விசித்திர மனிதரின் பழக்கம் என்று நினைப்பவர்கள், நம் தேர்தலில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நேர்வது அதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2024 ஜூன் 9

பத்மராஜனிடம் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு; அதைச் சொல்லாமல் அவரை ஆதரிப்பது நேர்மையாகாது. அவர் பெற்ற வாக்குகளிலேயே அதிகமானது 2011 சட்டமன்றத் தேர்தலில் மேட்டூரில் கிடைத்த 6,273. அதற்கும் டெபாசிட் தேறவில்லை. ஆனாலும் அந்த 6,273 பேர் அவரைத் தொலைக்காட்சியில் பார்த்து வாக்களித்தவர்கள் அல்லர். அவர் கடையில் டயருக்கு ஒட்டுப் போட்டவர்களும், அவரிடம் மாத்திரை வாங்கியவர்களும், தெருவில் வணக்கம் சொன்னவர்களும் அதில் பெரும்பாலோராக இருந்திருப்பார்கள். அதே ஊரில், அதே தொகுதியில், அணைக்குப் பக்கத்திலேயே இருந்தும் குடிநீருக்கு அலையும் கிராமங்களைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு, ஒவ்வொரு ஐந்தாண்டும் அவர் நின்றிருந்தால் அந்த எண் எங்கே போயிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். பிரபலங்களைத் துரத்திக்கொண்டு லக்னோவுக்கும் வதோதராவுக்கும் போனது அவருக்குப் பெயரைத் தந்தது. மேட்டூருக்கு ஒன்றையும் தரவில்லை.

2024 ஜூன் 11

மேலே உள்ளதற்கு ஒரு தம்பி கடும் மறுப்பு எழுதியிருக்கிறார். வெல்வதற்காக நிற்பவர்கள் ஏராளம் இருக்கிறார்கள், எவரும் நிற்கலாம் என்று காட்டுவதற்காக நிற்பவர் ஒருவர்தான், அவரையும் ஏன் ஊர்ப்பிரச்சினைக்குள் இழுக்கிறீர்கள் என்பது அவர் வாதம். யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. பிரதமரின் தொகுதியிலும் மனு ஏற்கப்படுகிறது என்று காட்டுவது, மேட்டூரில் காட்டுவதைவிடக் கடினமான சோதனை. மீதிப் பாதியில் நான் என் கருத்திலேயே நிற்கிறேன்.

2024 ஜூன் 12

டெபாசிட்டுக்குப் பதில் என்ன என்று முதல் கேள்வியைக் கேட்டவரே மீண்டும் கேட்டிருக்கிறார். என் பதில்: டெபாசிட் தொகையை 25,000க்கு மேல் உயர்த்தாதீர்கள், முடிந்தால் குறையுங்கள். சுயேச்சைக்கான முன்மொழிவோரைப் பத்திலிருந்து ஐம்பதாக்குங்கள். அந்த ஐம்பது பேரும் அலுவலகத்துக்கு நேரில் வந்தோ, தம் வாக்குச்சாவடி அலுவலர் முன்னிலையிலோ ஒப்புக்கொள்ளட்டும். ஏழைக்கும் ஐம்பது அயலார் இருப்பார்கள். ஐந்து லட்சம் இருக்காது. பெயர் ஒற்றுமைக்காக இறக்கப்படுபவருக்கு ஐம்பது பேரைக் கூட்டி வருவதைக் கட்சி செய்து கொடுத்துவிடும் என்று மறுப்பீர்கள். செய்யட்டும், ஐம்பது பேர் வெளிச்சத்தில் வந்து கையெழுத்திடும்போது, அவர்களை அழைத்து வந்தவர் யார் என்பது அந்த நடைவழியில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.